குழிக்குள் போவது நாய், பொறுப்பு யாருக்கு?

இங்கிலாந்தின் வடக்கே ஒரு மலைச்சரிவு. குளிர்காலக் காலை நேரம்.

சரிவில் ஒரு நரி வளை இருக்கிறது. அதன் வாயருகே ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார். அவர் காது மண்ணோடு ஒட்டியிருக்கிறது. சற்றுத் தள்ளி இன்னொருவர் துப்பாக்கியுடன் நிற்கிறார். இருவரும் பேசவில்லை.

மண்ணுக்குள் இருந்து குரைப்புச் சத்தம் வருகிறது. அது படுத்திருப்பவருடைய நாய். முழங்கால் உயரம்கூட இல்லாத சின்ன நாய். கும்மிருட்டில், திரும்பக்கூட இடம் இல்லாத குழியில், நரிக்கு எதிரே நின்று அது குரைத்துக்கொண்டிருக்கிறது.

திடீரென்று குரைப்பு நின்றுவிட்டது.

நரி வேறு வழியில் நழுவிவிட்டதா? நாய் கடிபட்டுவிட்டதா? மண் சரிந்து மூடிக்கொண்டதா? மேலே இருப்பவருக்குத் தெரியாது. நாயால் சொல்லவும் முடியாது.

இந்த நாயின் ஜாதிக்கு டெர்ரியர் என்று பெயர். அதைக் குழிக்குள் அனுப்பும் மனிதரைப் பற்றித்தான் பிரிட்டனில் பல ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. பார்லிமெண்டில் நடந்தது. கோர்ட்டுகளில் நடக்கிறது. கிராமத்துச் சாராயக் கடைகளிலும் நடக்கிறது.

பாதிரியார் வாங்கிய நாய்

'டெர்ரா' என்றால் லத்தீன் மொழியில் மண். மண்ணுக்குள் போகும் நாய் ஆனதால் டெர்ரியர் என்று பெயர் வந்தது.

இந்த ஜாதியில் பல பிரிவுகள் உண்டு. பார்டர் டெர்ரியர், லேக்லாந்து டெர்ரியர், பேட்டர்டேல் டெர்ரியர் என்று ஊர்ப் பெயரை வைத்தே அழைப்பார்கள். எல்லாவற்றிலும் பிரபலமானது ஜாக் ரசல். அது ஒரு பாதிரியாரின் பெயர்.

ஜான் ரசல் என்பவர் ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தார். 1819-ல் ஒரு நாள் வழியில் ஒரு பால்காரரைச் சந்தித்தார். பால்காரரோடு ஒரு வெள்ளைப் பெட்டை நாய் இருந்தது. கண்ணிலும் காதிலும் பழுப்புத் திட்டு. பார்த்ததும் பிடித்துப்போயிற்று. அங்கேயே வாங்கிவிட்டார். அதன் பெயர் டிரம்ப். அந்த நாயின் வழியில்தான் ஜாக் ரசல் இனம் வந்தது என்பார்கள். படிப்பு முடிந்து டெவன் பகுதியில் பாதிரியார் ஆன பிறகும் ரசல் வேட்டையை விடவில்லை. 1883-ல் இறந்தார்.

நரியின் வளை குறுகலானது. அதனால் நாயின் மார்பும் குறுகலாக இருக்க வேண்டும். வாங்குகிறவர் நாயின் முன்னங்கால்களுக்குப் பின்னால் இரண்டு கைகளாலும் வளைத்துப் பிடித்துப் பார்ப்பார். இரண்டு கை விரல்களும் ஒன்றையொன்று தொட வேண்டும். சுற்றளவு சுமார் 14 அங்குலம். அதற்கு மேல் பருத்திருந்தால் நாய் குழியில் மாட்டிக்கொள்ளும்.

உடம்பு மட்டும் போதாது. குணமும் வேண்டும்.

நல்ல டெர்ரியர் எது என்று கேட்டால், நரியைக் கடித்துக் கொல்கிற நாய் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அது தப்பு. நல்ல டெர்ரியர் நரிக்கு எட்டாத தூரத்தில் நின்று விடாமல் குரைக்க வேண்டும். தொல்லை தாங்காமல் நரி வெளியே ஓடும். கடிக்கப் பாய்கிற நாய் முகம் கிழிந்து வரும். சில சமயம் வராமலே போகும். அனுபவசாலிகள் சாதுவான நாயைத்தான் தேடுவார்கள். முரட்டு நாயை வைத்துக்கொண்டு பெருமை பேசுகிறவரை அவர்கள் மதிப்பதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

2004-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு வேட்டைச் சட்டம் கொண்டுவந்தது. 2005 பிப்ரவரி 18-ந் தேதி அது அமலுக்கு வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை ஏவிக் காட்டு மிருகங்களை வேட்டையாடுவது அன்றோடு குற்றம் ஆயிற்று. சிவப்புச் சட்டையும் குதிரையுமாகப் பிரபுக்கள் நடத்திய நரி வேட்டை சட்டப்படி முடிந்தது.

ஆனால் சில விலக்குகள் வைத்தார்கள். அதில் ஒன்று மண்ணுக்குள் நாயை அனுப்புவது பற்றியது. நிபந்தனைகள் கடுமையானவை.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு நாய்தான் உள்ளே போகலாம். நிலம் சொந்தமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிலத்துக்காரரின் அனுமதி எழுத்தில் கையில் இருக்க வேண்டும். போலீஸ்காரர் கேட்டால் உடனே காட்ட வேண்டும். நரி தென்பட்டதும் கூடிய சீக்கிரம் அதை வெளியே கொண்டுவர வேண்டும். வெளியே வந்ததும் குறி தவறாத ஒருவர் சுட்டுக் கொன்றுவிட வேண்டும். நாயை விட்டுக் குதறக் கூடாது. நாய் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. நாய்க்குக் காயம் படாமல் தடுக்க நியாயமான முயற்சி எல்லாம் எடுத்திருக்க வேண்டும். நரி வேட்டையை நிறுத்த வந்த சட்டம், வேட்டைக்குப் போகும் நாயையும் நினைத்துப் பார்த்திருக்கிறது!

சரி, எதற்காக இந்த விலக்கு? இங்கேதான் வேடிக்கை இருக்கிறது.

ஆட்டுக்குட்டியை நரி தூக்குகிறது என்று ஒரு குடியானவர் டெர்ரியரைக் குழிக்குள் அனுப்ப முடியாது. வீட்டுக் கோழியைக் காப்பாற்றவும் முடியாது. துப்பாக்கியால் சுடுவதற்காகவே வளர்க்கப்படும் பறவைகளைக் காப்பாற்ற மட்டும்தான் முடியும். பெசண்ட் என்னும் காட்டுக்கோழிகளை பிரிட்டனில் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் வளர்த்துக் காட்டில் விடுகிறார்கள். பணம் கட்டி வருகிறவர்கள் அவற்றைச் சுடுவார்கள். மனிதன் சுடும் வரை நரி தின்னாமல் இருக்க வேண்டும்! அதற்காக நாய் மண்ணுக்குள் போகிறது.

இந்த விலக்கை எதிர்ப்பவர்கள் இதையே பிடித்துக்கொண்டார்கள். பறவைக் காவல்காரர்களோ, தங்கள் பிழைப்பே அந்தப் பறவைகளில்தான் இருக்கிறது என்கிறார்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால், மாட்டிக்கொண்ட மிருகத்துக்கு இது துன்பம் என்பதை அரசாங்கமே அமைத்த குழு ஒப்புக்கொண்டது. 2000-ல் பர்ன்ஸ் பிரபுவின் தலைமையில் ஒரு குழு வேட்டை பற்றி விசாரித்தது. குழியைத் தோண்டி நரியைச் சுடும் முறை நரியின் நலனை வெகுவாகப் பாதிக்கிறது என்று அது சொன்னது. தோண்டி முடிக்க நெடுநேரம் ஆகிறது, நரியால் தப்பவும் முடியாது என்பது காரணம்.

இப்போது என்ன நடக்கிறது?

பழைய வேட்டைக் குழுக்கள் 2005-க்குப் பிறகு கலைந்துவிடவில்லை. தடவேட்டை என்று புதிதாக ஒன்றைத் தொடங்கின. முன்கூட்டியே ஒரு வாசனையைத் தரையில் இழுத்து வைப்பார்கள். வேட்டைநாய்க் கூட்டம் அந்தத் தடத்தை முகர்ந்துகொண்டு ஓடும். உண்மையான நரி கிடையாது. இதுதான் கணக்கு.

ஆனால் எதிர்ப்பாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். நரியே கிடையாது என்றால் சில குழுக்களோடு மண்வெட்டியும் டெர்ரியரும் ஏன் கூடவே போகின்றன? வாசனைத் தடம் குழிக்குள் ஒளிந்துகொள்ளுமா?

2024 தேர்தலில் தொழிற்கட்சி தடவேட்டையைத் தடை செய்வோம் என்று வாக்குறுதி தந்தது, ஜெயித்தது. 2025 டிசம்பரில் இங்கிலாந்துக்கான மிருக நலத் திட்டத்தை அரசாங்கம் வெளியிட்டபோது அந்த வாக்குறுதியை மறுபடி சொன்னது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடவேட்டை வேறு, நிலத்தடி விலக்கு வேறு. முதலாவதைத் தடுத்தால் இரண்டாவது தானாகப் போய்விடாது. அதற்குத் தனியாகத் திருத்தம் வேண்டும். ஆகவே மலைச்சரிவில் படுத்திருக்கும் அந்த மனிதரின் பொறுப்பு, தடவேட்டை நின்றாலும் அவர் தலையில்தான் இருக்கும்.

நாயைப் பழக்குவது எப்படி?

டெர்ரியர் குட்டிக்கு வேட்டையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது பிறவியிலேயே வருகிறது. சொல்லித்தர வேண்டியது அதற்கு எதிரானது: நிறுத்துவது, திரும்பி வருவது, சும்மா இருப்பது.

முதல் பாடம், கூப்பிட்டால் வருவது. சாப்பாட்டுத் தட்டின் அருகே இருந்து கூப்பிட்டால் எந்த நாயும் வரும். எலி ஓடிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டால் வர வேண்டும். அதற்குப் பல மாதம் ஆகும்.

இரண்டாவது பாடம், பண்ணையில் எதைத் தொடக் கூடாது என்பது. ஆடு, கோழி, பூனை எல்லாவற்றோடும் குட்டியைச் சிறு வயதிலேயே பழக விட வேண்டும். ஆட்டைத் துரத்தும் நாயை அந்த நாட்டில் நிலத்துக்காரர் சுட்டுவிடலாம். சில நிபந்தனைகளோடு சட்டம் அதை அனுமதிக்கிறது. நாயைச் சரியாகப் பழக்காத மனிதருக்காக நாய் உயிரை விடும்.

அவசரம் கூடாது. உடம்பும் மனமும் முதிராத குட்டியைக் குழிக்குள் அனுப்பினால் இரண்டில் ஒன்று நடக்கும். பயந்துபோய் இனி எந்தக் குழியையும் பார்க்காது. அல்லது கண்மூடித்தனமாகக் கடிக்கும் முரடு ஆகிவிடும். முதல் தடவை பட்ட கடி பிறகு மாறாது.

வேலைக்குப் போகும்போது நாயின் கழுத்துப் பட்டையில் ஒரு சிறு கருவி கட்டுவார்கள். அது சமிக்ஞை அனுப்பும். மேலே இருப்பவர் கையில் ஒரு பெட்டி இருக்கும். நாய் எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று அது காட்டும். இந்தக் கருவி வருவதற்கு முன்னால் காதுதான் கருவி. குரைப்பு நின்றால் எங்கே தோண்டுவது என்றே தெரியாது. இன்றைக்கு அந்தப் பட்டை இல்லாமல் நாயை மண்ணுக்குள் விடுகிறவர் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது.

மண்வெட்டி, குடிதண்ணீர், காயம் கழுவ மருந்து எல்லாம் கூடவே போக வேண்டும். பாறை இடுக்கும், மழையில் ஊறிய மண்ணும் ஆபத்தானவை. அங்கே நாயை விடாமல் திரும்பி வருவதும் வேலை தெரிந்தவரின் அடையாளம். நாய் மாட்டிக்கொண்டால் தோண்டுவார்கள்; அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுவார்கள்; தீயணைப்புப் படைக்கும் சொல்லி அனுப்புவார்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்து உடம்பு இளைத்த பிறகு தானே நழுவி வெளியே வந்த நாய்களும் உண்டு. இருட்டிவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போகிறவரிடம் யாரும் குட்டி கொடுக்க மாட்டார்கள்.

வால் விஷயத்திலும் ஒரு தகராறு உண்டு. குழியில் இருந்து இழுக்க வால்தான் பிடி என்று பழைய காலத்தில் குட்டியின் வாலைப் பாதி நறுக்குவார்கள். இங்கிலாந்தில் இப்போது வேலை நாய் என்று சான்று காட்டினால் மட்டும், பிறந்த 5 நாளுக்குள் மிருக வைத்தியர் நறுக்கலாம். ஸ்காட்லாந்தில் 2007-ல் அடியோடு தடுத்தார்கள். 2017-ல் ஸ்பானியல் முதலான சில துப்பாக்கி வேட்டை நாய்களுக்கு மட்டும் தளர்த்தினார்கள். டெர்ரியருக்குத் தளர்த்தவில்லை. பார்டர் டெர்ரியர்காரர்களோ வாலை நறுக்குவதே இல்லை. முழு வாலோடு தலைமுறை தலைமுறையாக வேலை வாங்கி வருகிறார்கள்!

கெட்டுப்போன கைகள்

இதே நாயை வைத்துக்கொண்டு கொடுமை செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பேட்ஜர் என்று ஒரு பிராணி. முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை இருக்கும். மண்ணுக்குள் குடும்பமாக வாழும். அதன் தாடை மிகவும் பலமானது. டெர்ரியரைக் குழிக்குள் விட்டு, பேட்ஜரைத் தோண்டி எடுத்து, நாய்களோடு சண்டை மூட்டி வேடிக்கை பார்ப்பது ஒரு பழைய குரூரம். 1835-லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். இன்னும் ஒளிந்து மறைந்து நடக்கிறது.

1992 சட்டப்படி பேட்ஜர் வளைக்குள் நாயை அனுப்புவதே குற்றம். பிடிபட்டவர்கள், "நரியைத்தான் தேடினோம்" என்பார்கள். ஆகவே, வளை யாருடையது என்று பார்த்துச் சொல்லத் தெரிவதும் நாய்க்காரரின் பொறுப்பு. தெரியாமல் விட்டேன் என்று சொல்லித் தப்புவது கஷ்டம்.

பேட்ஜரோடு மோதிய நாய்க்குக் கீழ்த்தாடை பெயர்ந்திருக்கும். மூக்கும் உதடும் கிழிந்திருக்கும். அந்த நாயை வைத்தியரிடம் கொண்டுபோனால் கேள்வி வரும். அதனால் கொண்டுபோவதில்லை. மயக்க மருந்து இல்லாமல் வீட்டிலேயே தைத்துவிடுகிறார்கள். நாய்க்காரர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டுமானால், காயம் பட்ட நாயோடு அவர் எங்கே போகிறார் என்று பார்த்தால் போதும்.

தண்டனைக் கணக்கு விசித்திரமானது. இங்கிலாந்தில் பேட்ஜர் சட்டப்படி அதிகபட்சம் 6 மாதச் சிறை. நாயைத் துன்பப்பட விட்டதற்கு 2021 முதல் 5 ஆண்டு வரை சிறை. ஆகவே, செத்த பேட்ஜரை விட உயிரோடு இருக்கும் நாயின் முகத்துக் காயம்தான் வழக்கில் பெரிய சாட்சி ஆகிறது. ஸ்காட்லாந்து 2020-லேயே பேட்ஜர் குற்றத்துக்கும் 5 ஆண்டு என்று உயர்த்திவிட்டது.

நாயின் கதி? குற்றம் நிரூபணம் ஆனால், அந்த நாயைக் கொல்லவும் கோர்ட்டு உத்தரவிடலாம். சொன்னதைச் செய்தது தவிர அது வேறு எதுவும் செய்யவில்லை.

எலிக்கு எமன்

நரி தகராறில் கவனத்துக்கு வராமல் போன வேலை ஒன்று உண்டு. அது எலி பிடிப்பது.

எலியையும் முயலையும் நாயை விட்டுப் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும், அவ்வளவுதான். பண்ணைகளில் எலி விஷம் வைப்பதற்கும் கட்டுப்பாடு வந்திருக்கிறது. எலியைத் தின்ற ஆந்தையும் பருந்தும் விஷத்தால் பாதிக்கப்படுகின்றன. அதனால், கட்டடங்களை விட்டுத் தள்ளித் திறந்த வெளியில் கடுமையான விஷங்களைப் பயன்படுத்துவது பிரிட்டனில் 2024 முடிவோடு நின்றது. டெர்ரியருக்கு அங்கே வேலை இருக்கிறது.

எலி வளைக்குள் புகையைச் செலுத்துவார்கள். எலி வெளியே பாயும். வாசலில் நிற்கும் நாய் கவ்வி ஒரு உதறு உதறும். ஒரு நொடியில் கழுத்து முறிந்துவிடும். விஷம் தின்று நாள் கணக்கில் சாவதை விட இது விரைவானது.

இங்கும் நாய்க்காரருக்கு வேலை அதிகம். பண்ணைக்குள் நுழைந்ததும் அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இங்கே விஷம் வைத்திருக்கிறீர்களா?" என்பது. விஷம் தின்ற எலிகளைத் தின்றால் நாய்க்கு உள்ளே ரத்தம் கசியும். உடனே தெரியாது. சில நாள் கழித்துச் சோர்ந்து விழும். எலி மூத்திரத்தில் இருந்து எலிக் காய்ச்சலும் வரும். அது மனிதரையும் தாக்கும். அதற்கு நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போட வேண்டும்.

வாயைக் கட்டிய நாய்

டெர்ரியரின் மூக்கை மட்டும் பயன்படுத்தி, பல்லைப் பயன்படுத்தாமல் இருக்க முடியுமா?

நியூசிலாந்தில் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே பறக்கத் தெரியாத பறவைகள் பல. கப்பலில் வந்த எலியும் கீரி போன்ற பிராணிகளும் அவற்றைத் தின்று தீர்த்தன. அந்தப் பகைகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று மோப்பம் பிடிக்க அரசாங்கம் நாய்களைப் பழக்குகிறது. அவற்றில் டெர்ரியர்கள் உண்டு. நாயும் நாய்க்காரரும் சேர்ந்தே பரீட்சை எழுதுவது போல் தேற வேண்டும். வேலை நேரத்தில் நாயின் வாய்க்குக் கூடு போட்டிருக்கும். கண்டுபிடித்துக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது.

தென் அட்லாண்டிக் கடலில் தெற்கு ஜார்ஜியா என்று ஒரு பிரிட்டிஷ் தீவு இருக்கிறது. 160 கிலோ மீட்டருக்கு மேல் நீளம். பனி மலைகள் நிறைந்தது. கப்பல்களில் வந்த எலிகள் அங்கே தரையில் கூடு கட்டும் பறவைகளை அழித்துக்கொண்டிருந்தன. 2011 முதல் 2015 வரை மூன்று கட்டமாக ஹெலிகாப்டரில் இருந்து சுமார் 300 டன் விஷ இரை போட்டார்கள். எலி எல்லாம் ஒழிந்ததா? யார் சொல்வது?

நியூசிலாந்தில் பழக்கிய மூன்று மோப்ப நாய்களும், இரண்டு பெண் நாய்க்காரர்களும் 2017-18-ல் தீவுக்குப் போனார்கள். அந்தப் பெண்கள் நடந்தது 1,608 கிலோ மீட்டர். நாய்கள் ஓடியது 2,420 கிலோ மீட்டர்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. நாள் கணக்கில் தேடியும் ஒன்றும் அகப்படாவிட்டால் நாய்க்கு அலுத்துவிடும். தேடுவது போல் பாசாங்கு செய்யும். பழக்குகிறவர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எலி வாசனை உள்ள பொருளை எங்காவது ஒளித்து வைப்பார்கள். நாய் கண்டுபிடித்ததும் தட்டிக்கொடுத்துக் கொண்டாடுவார்கள். நாய் மறுபடி உற்சாகமாகத் தேடும். இந்த அக்கறை இல்லாவிட்டால், நாய் 'ஒன்றும் இல்லை' என்று சொல்வதை நம்ப முடியாது.

2018 மே மாதம் தெற்கு ஜார்ஜியா எலி இல்லாத தீவு என்று அறிவித்தார்கள். அந்த மூன்று நாய்களும் அங்கே கண்டுபிடித்த எலி ஒன்றுகூட இல்லை.